விஎஸ் கோடில் ஃபைல் பட்டியலை நம் வசதிக்கு மாற்றிக்கொள்வது எப்படி?

மன்னார்குடியில் மாலை நேரத்தில் ஏழெட்டுப் பேருக்கு, விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் மென்பொருளில் வெப் பக்கம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு குழுவும் மூன்றாவது வகுப்பில்தான் பயப்படும். முதல் இரண்டு நாளும் திரையின் இடப்பக்கப் பட்டியலில் நாலைந்து ஃபைல்தான் இருக்கும். மூன்றாம் நாள் ஒரு கட்டளை கொடுத்து வெளியிலிருந்து நிரல்களை இறக்குவோம். உடனே நோட் மாட்யூல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைத் திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும். "இதையெல்லாம் நான் படிக்கணுமா அண்ணா?" என்று நீடாமங்கலத்திலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள். அவள் அன்று தொட வேண்டியிருந்தது மூன்றே ஃபைல்.

அதனால் இப்போதெல்லாம் நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன்பே பட்டியலை ஒழுங்குபடுத்த அரை மணி நேரம் ஒதுக்கிவிடுகிறேன். இன்று வேலை செய்யப்போகும் ஃபைல்கள் மட்டும் கண்ணில் பட்டால் போதும். மற்றவை இருக்கட்டும், ஆனால் தெரிய வேண்டாம்.

அந்தப் பெண் செய்துகொண்டிருந்த பக்கத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மேட்டூர் அணை ஒவ்வொரு ஆண்டும் என்று திறந்தது, அவர்கள் ஊர் வாய்க்காலுக்கு என்று தண்ணீர் வந்தது என்று அவள் அப்பா நோட்டில் குறித்துவைத்திருந்தார். அதை வெப் பக்கமாக்குவதுதான் அவள் வேலை. ஆற்றுக்கு ஒரு ஃபோல்டர், ஆண்டுக்கு ஒரு ஃபைல். ஃபோல்டர்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தாள். விஎஸ் கோட் அதைத் தடையில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மெனு பெயர்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். தேடும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படி 1: செட்டிங்ஸைத் திறப்பது

ஃபைல் மெனுவில் ஓப்பன் ஃபோல்டர் கொடுத்து உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்துகொள்ளுங்கள். அப்புறம் கண்ட்ரோல் விசையோடு கமாவை அழுத்தினால் செட்டிங்ஸ் வரும். தேடும் பெட்டிக்குக் கீழே யூசர், வொர்க்ஸ்பேஸ் என்று இரண்டு தாவல்கள் இருக்கும். யூசரில் மாற்றினால் அந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் திறக்கும் எல்லா புராஜெக்ட்டுக்கும் அது பொருந்தும். வொர்க்ஸ்பேஸில் மாற்றினால் இந்த ஒரு புராஜெக்ட்டுக்கு மட்டும். இரண்டிலும் வேறு வேறாக இருந்தால் வொர்க்ஸ்பேஸில் உள்ளதுதான் செல்லும்.

கல்லூரி லேப், பிரவுசிங் சென்டர் போலப் பலர் உட்காரும் கம்ப்யூட்டராக இருந்தால் வொர்க்ஸ்பேஸ் தாவலையே தேர்ந்தெடுங்கள். அடுத்து உட்காருகிறவருடைய பட்டியலை நாம் மாற்றிவிட்டுப் போகக் கூடாது.

படி 2: வேண்டாததை மறைப்பது

இதுதான் முக்கியமான படி, நிதானமாகச் செய்யுங்கள். தேடும் பெட்டியில் ஃபைல்ஸ் எக்ஸ்க்ளூட் என்று தட்டுங்கள். ஒரு சின்னப் பட்டியல் தெரியும். கிட் (ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வைத்திருக்கும் ஃபோல்டர் போன்ற சில அதில் முன்பே இருக்கும். அவற்றைத் தொட வேண்டாம். கீழே ஆட் பேட்டர்ன் என்ற பொத்தானை அழுத்தி, மறைக்க வேண்டியதை எழுத வேண்டும். எழுதும் முறை இது:

பழையவை
**/பழையவை
**/*.நகல்

முதல் வரி, புராஜெக்ட்டின் மேல்மட்டத்தில் இருக்கும் பழையவை என்ற ஃபோல்டரை மட்டும் மறைக்கும். இரண்டாம் வரியில் உள்ள இரட்டை நட்சத்திரத்துக்கு 'எந்த மட்டத்தில் இருந்தாலும்' என்று பொருள். வெண்ணாறு ஃபோல்டருக்குள் ஒரு பழையவை, கோரையாறுக்குள் இன்னொன்று இருந்தால் இரண்டுமே மறையும். மூன்றாம் வரி, நகல் என்ற பின்னொட்டோடு முடியும் ஃபைல்கள் எங்கே இருந்தாலும் மறைக்கும். நோட் மாட்யூல்ஸை மறைக்க, பட்டியலில் அதன் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளோடு, முன்னால் இரட்டை நட்சத்திரமும் சாய்கோடும் சேர்த்து எழுதுங்கள்.

மறைப்பது வேறு, அழிப்பது வேறு. மறைத்த ஃபைல் வட்டில் அப்படியேதான் இருக்கிறது, நிரலும் ஓடும். ஆனால் இங்கே மறைத்தது தேடலிலும் வராது. பேப்பர் என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்தைக் கண்ட்ரோலோடு அழுத்தி ஃபைல் தேடுவோமே, அதிலும் வராது. நான் ஒருமுறை தரவு என்ற ஃபோல்டரை மறைத்துவிட்டு மறந்துபோனேன். இரண்டு மாதம் கழித்துத் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. அழிந்துவிட்டது என்று நினைத்து, நீர்மட்டக் கணக்கு முழுவதையும் நோட்டைப் பார்த்து மறுபடி தட்டினேன். உங்களுக்கு அது நேர வேண்டாம். எதையாவது காணவில்லை என்றால் முதலில் இந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். சர்ச் பகுதியில் விலக்க வேண்டிய ஃபைல்களுக்கான பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை அணைத்தால் மறைத்தவற்றிலும் தேடும்.

பட்டியலில் தெரியட்டும், தேடலில் மட்டும் குறுக்கே வர வேண்டாம் என்றால் சர்ச் எக்ஸ்க்ளூட் என்ற செட்டிங்கில் எழுதுங்கள். பெரிய தரவு ஃபைல்களுக்கு இதுவே நல்லது.

கிட் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எக்ஸ்ப்ளோரர் எக்ஸ்க்ளூட் கிட் இக்னோர் என்ற செட்டிங்கை டிக் செய்தால், கிட் விட்டுவிடும்படி நீங்கள் எழுதிவைத்தவை பட்டியலிலிருந்தும் மறைந்துவிடும்.

படி 3: ஒட்டிக்கொண்ட ஃபோல்டர்களைப் பிரிப்பது

எங்கள் பக்கத்தில் நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. வெண்ணாறு அங்கேதான் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று பிரிகிறது. அந்தப் பெண்ணும் அதே மாதிரி வெண்ணாறு ஃபோல்டருக்குள் பாமணியாறு ஃபோல்டரைப் போட்டாள். பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் "வெண்ணாறு / பாமணியாறு" என்று வந்துவிட்டன. அதைத் தேர்ந்தெடுத்துக் கோரையாறு என்று புது ஃபோல்டர் போட்டதும் அது பாமணியாறுக்குள் போய் உட்கார்ந்தது. கோரையாறு பாமணியாற்றிலிருந்து பிரியவில்லையே என்று அவளுக்கு ஒரே கோபம்.

ஒரு ஃபோல்டருக்குள் ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் இருந்தால் விஎஸ் கோட் இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்துக் காட்டும். இடம் மிச்சம் என்பது அதன் கணக்கு. பழகும் காலத்தில் இது குழப்பம்தான். எக்ஸ்ப்ளோரர் காம்பாக்ட் ஃபோல்டர்ஸ் என்று தேடி டிக்கை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபோல்டரும் தனித்தனி வரியில் நிற்கும், எது எதற்குள் இருக்கிறது என்பது பார்த்ததுமே தெரியும்.

கூடவே வொர்க்பெஞ்ச் ட்ரீ இன்டென்ட் என்பதையும் மாற்றுங்கள். உள்ளே போகப் போக ஒவ்வொரு மட்டமும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை இது சொல்கிறது. 8 என்று இருக்கும். 18 அல்லது 20 வைத்துப் பாருங்கள். சுவரில் புரொஜெக்டர் போட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது இது மிகவும் உதவுகிறது. மட்டங்களைக் காட்டும் மெல்லிய செங்குத்துக் கோடுகள் எப்போதும் தெரிய, ரெண்டர் இன்டென்ட் கைட்ஸ் என்பதில் ஆல்வேஸ் தேர்ந்தெடுங்கள்.

படி 4: எந்த வரிசையில்?

எக்ஸ்ப்ளோரர் சார்ட் ஆர்டர் என்று தேடுங்கள். எதையும் மாற்றாவிட்டால் ஃபோல்டர்கள் முதலில், ஃபைல்கள் அப்புறம், பெயர் வரிசையில் வரும். அவளுடைய ஆண்டுக் கணக்குக்கு அதுதான் சரி. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும். 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீர்திறப்பு-2022, நீர்திறப்பு-2023, நீர்திறப்பு-2024 என்று பெயர் வைத்தால் தானாகவே ஆண்டு வரிசையில் நிற்கும். ஆண்டை முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வையுங்கள்.

நிரல் எழுதும் நாட்களில் மாடிஃபைட் வசதியாக இருக்கும். ஃபோல்டர்களுக்கு அடுத்து, கடைசியாகத் திருத்திய ஃபைல் முதலில் வந்துவிடும்.

படி 5: துணை ஃபைல்களை ஒன்றின் கீழ் அடுக்குவது

எக்ஸ்ப்ளோரர் ஃபைல் நெஸ்டிங் எனேபிள்டு என்பதை டிக் செய்யுங்கள். வெளியிலிருந்து இறக்கும் நிரல்களைக் குறித்துவைக்கும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலின் கீழ், அதன் துணையான லாக் ஃபைல் போய் ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பக்கத்திலேயே ஃபைல் நெஸ்டிங் எக்ஸ்பேண்டு இருக்கும், அந்த டிக்கை எடுத்துவிட்டால் அடுக்குகள் மூடியே இருக்கும். இது காட்சிக்கு மட்டும்தான், ஃபைல் எதுவும் வட்டில் இடம் மாறாது.

படி 6: கைதவறி இழுத்தால்

பட்டியலில் ஒரு ஃபோல்டரை மவுஸால் இழுத்து வேறொன்றில் விட்டால் அது உண்மையாகவே இடம் மாறிவிடும். அதற்கு முன் விஎஸ் கோட் ஒரு முறை கேட்கும். 'இனிமேல் கேட்காதே' என்று அதில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைத் தொடாதீர்கள். லேப் மவுஸ்கள் பலவும் ஒரு கிளிக்கை இரண்டாக எடுக்கும், இழுக்காததை இழுக்கும். அப்படியும் நகர்ந்துவிட்டால் பட்டியலில் ஒரு முறை கிளிக் செய்துவிட்டு, எடிட்டரில் செய்வது போலவே அன்டூ கொடுங்கள். பழைய இடத்துக்கு வந்துவிடும்.

படி 7: வீட்டுக்கு எடுத்துப்போவது

வொர்க்ஸ்பேஸ் தாவலில் செய்த மாற்றமெல்லாம், புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே புள்ளியில் தொடங்கும் விஎஸ்கோட் என்ற ஃபோல்டரில் செட்டிங்ஸ் ஜேசன் என்ற ஃபைலாக எழுதப்பட்டிருக்கும். பென் டிரைவில் காப்பி செய்யும்போது உள்ளிருக்கும் ஃபைல்களைத் தனித்தனியாக எடுக்காமல் புராஜெக்ட் ஃபோல்டரையே முழுதாக எடுங்கள். வீட்டு லேப்டாப்பில் ஓப்பன் ஃபோல்டர் கொடுக்கும்போதும் அதே மேல்மட்ட ஃபோல்டரைத்தான் திறக்க வேண்டும். தவறி உள்ளே இருக்கும் வெண்ணாறு ஃபோல்டரைத் திறந்தால் செட்டிங்ஸ் எதுவும் வேலை செய்யாது, மறைத்ததெல்லாம் திரும்பத் தெரியும். அப்படித் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து மாற்ற உட்காராதீர்கள்; பட்டியலின் உச்சியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், புராஜெக்ட்டின் பெயர் இல்லையென்றால் சரியான ஃபோல்டரைத் திறந்துகொள்ளுங்கள்.