பள்ளி திறக்கும் நாளில் கேட்டில் யார் நிற்பது?

மே மாதக் கடைசியில் ஹெச்.எம். சிஸ்டர் கூப்பிட்டு, "இந்த வருஷம் ரீஓப்பனிங் அன்னிக்கு வரவேற்பை நீங்க பாத்துக்கோங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எப்படி என்று சொல்ல மாட்டார். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது, வடசென்னையில் அரசு உதவி பெறும் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்த இரண்டாவது வருஷம். உடனே ஷாமியானாவுக்குச் சொன்னேன். அப்புறம் சிறப்பு விருந்தினர். அவர் வர ஒன்றேகால் மணி நேரம் தாமதம். ஷாமியானா மேடைக்கு மட்டும்தான். பிள்ளைகளுக்கு ஜூன் வெயில். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மயங்கி விழுந்தான். அவனுடைய அம்மா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். பெற்றோரை உள்ளே விடாதீர்கள் என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்ததும் நான்தான்.

அதோடு மேடை ஆசை போயிற்று. இப்போது கேட்டை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். கீழே எழுதியிருப்பது அந்த முறைதான். இருநூறு பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்குச் சரியாக வரும்.

படி 1: பழைய பதிவேட்டை எடுங்கள்

வரவேற்பு என்றதும் ஒண்ணாம் வகுப்புக்கு வரும் புதுப் பிள்ளைகள், பலூன், சாக்லேட் என்றுதான் புத்தி போகும். மூணாவதிலிருந்து நாலாவதுக்குப் போகிற பிள்ளையின் வீட்டை யாரும் நினைப்பதில்லை. விடுமுறையில் நம் கையை விட்டு நழுவுவது அந்த வீடுகள்தான். வாடகை கட்டுப்படியாகாமல் வேறு தெருவுக்குப் போயிருப்பார்கள். மறுகுடியமர்வில், நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ போயிருப்பார்கள். அல்லது சும்மா, ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள்.

போன வருஷ வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, மே கடைசி வாரத்தில் அந்தந்த வகுப்பு ஆசிரியரே போன் போட வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். சிம்மை மாற்றிக்கொண்டே இருக்கிற வீடுகள் நிறைய. போனில் டி.சி., ஆதார், பழைய பாக்கி எதையும் எடுக்க வேண்டாம். "அம்மா, செகண்ட் ஸ்டாண்டர்ட் மிஸ் பேசறேன். பாப்பா எப்படி இருக்கா? ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு நீங்களும் உள்ள வாங்க." இவ்வளவுதான்.

போன் எடுக்காதவர்களின் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அழிக்காதீர்கள்.

படி 2: கடலைக் கேட்டுவிட்டு நாள் பாருங்கள்

பேனர் அடிப்பதானால் தேதி போடாதீர்கள். 2023-ல் வெயிலால் தள்ளிப்போய், ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14-ல்தான் திறந்தார்கள். 2024-ல் ஜூன் 10, 2025-ல் ஜூன் 2. சுற்றறிக்கை வரும்வரை பொறுத்திருங்கள்.

எங்கள் பக்கம் இன்னொரு நாட்காட்டியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளி திறக்கும்போது பல வீடுகளில் இரண்டு மாதமாகச் சரியான வருமானம் இருக்காது. படகை நம்பி இருக்கிற ஐஸ் வியாபாரம், மீன்கூடை சுமக்கிறவர்கள், தெருவில் மீன் விற்கிற அம்மாக்கள் எல்லோருக்கும் அதே கதி.

இதிலேயே நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அப்பாக்கள் கரையில் இருக்கிறார்கள்! வலை பின்னிக்கொண்டோ, படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டோ பக்கத்திலேயே இருப்பார்கள். தடை முடிந்து கடலுக்குப் போனால் ஒரு நடைக்குப் பத்து நாள், பதினைந்து நாள்கூட ஆகும்; அப்புறம் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவது எப்போதும் அம்மாவோ ஆயாவோதான். அதனால் "எல்லாம் செட்டில் ஆகட்டும், மாசக் கடைசியில் பெற்றோரைக் கூப்பிடலாம்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். திறக்கிற நாளே கூப்பிடுங்கள். போனிலேயே "அப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிடுங்கள்.

படி 3: பண மேசையை எடுத்துவிடுங்கள்

முதல் நாள் பெல்ட், டைரி, ஐடி கார்டு என்று எதற்கும் காசு வாங்காதீர்கள். பில் புத்தகமே வெளியே தெரியக் கூடாது. உதவி பெறும் பள்ளியில் பாடப் புத்தகம், நோட்டு அரசு கொடுக்கிறது. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சீருடையும் வரும், ஆனால் முதல் நாளே கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இது தெரியாமல் தண்டலுக்குப் பணம் வாங்கி யூனிஃபார்ம் தைக்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பழைய யூனிஃபார்ம் போதும், கலர் டிரெஸ்ஸும் பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒரு வீட்டில் ஒரு கடனாவது குறையும்.

படி 4: பெயர் அட்டை

பார்த்தால் சின்ன வேலைதான். சரியாகச் செய்தால் பாதி வரவேற்பு இதிலேயே முடிந்துவிடும்.

வகுப்புக்கு ஒரு நிறம் என்று சார்ட் பேப்பர் வாங்குங்கள். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஓரத்தில் பஞ்ச் போட்டு, உல்லன் நூல் கோத்துவிடுங்கள். சட்டையில் ஊக்கு குத்த வேண்டாம், ஒண்ணாம் வகுப்பில் ஒருவன் அதைக் கழற்றி அடுத்தவன் கையில் குத்துவான். செல்லோ டேப்பும் வேண்டாம். நம் ஊர் வேர்வையில் ஒன்பது மணிக்கெல்லாம் அட்டைகள் தரையில் கிடக்கும். கழுத்தில் மாட்டினால் இழுத்து விளையாடுவார்கள். பையின் காதில் கட்டுங்கள். பை இல்லாத பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் துளை.

அட்டையில் இரண்டு பெயர் எழுத வேண்டும். மேலே பதிவேட்டுப் பெயர், கீழே வீட்டில் கூப்பிடும் பெயர். ஒரு வருஷம் ஒண்ணாம் வகுப்பில் ஒரு பையனின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டேன். அவன் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று என்னோடு சேர்ந்து பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் 'அப்பு'. ஆதார் கார்டில் இருக்கும் பெயரை அவனிடம் அதுவரை யாரும் சொல்லவே இல்லை போலிருக்கிறது. அதிலிருந்து சேர்க்கைப் படிவத்தின் ஓரத்தில் வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

அட்டையில் போன் நம்பர் எழுதாதீர்கள். பையோடு தெருவில் போகிற அட்டை அது. நம்பர் உங்கள் நோட்டில் இருந்தால் போதும்.

படி 5: கேட்

2025 ஆகஸ்ட் 26 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நகர்ப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அந்த விரிவாக்கத்தைத் தொடங்கி வைத்ததே மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில்தான். நமக்கு இதில் கவனிக்க வேண்டியது, பிள்ளைகள் இப்போது சாப்பாட்டுக்கே முன்னதாக வந்துவிடுகிறார்கள் என்பது. எட்டே முக்கால் மணிக்கு வரவேற்பு என்று போட்டால், பாதிப் பிள்ளைகள் உப்புமா சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். 7.45-க்கே கேட்டில் ஆள் இருக்க வேண்டும்.

வாட்ச்மேன் தெருப் பக்கம் பார்த்து நிற்கட்டும். துறைமுகச் சாலையை ஒட்டிய பள்ளி என்றால் கன்டெய்னர் லாரி போகும் வழி. பெரியவர்களுக்கே கடப்பது கஷ்டம். ஸ்கூட்டியில் வருகிறவர்களைக் கேட்டுக்குப் பத்தடி முன்னாலேயே இறக்கிவிட வைக்க வேண்டியது அவர் வேலை. அன்று யாரையும் "வெளியே நில்லுங்க" என்று சொல்லக் கூடாது என்பதை முதல் நாள் சாயங்காலமே அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வருஷம் முழுக்க வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு நாள் மட்டும் உள்ளே விடச் சொன்னால் பாவம், அவருக்கும் குழப்பம்தான்.

ஹெச்.எம். கேட்டின் உள்பக்கம். அறைக்குள் உட்காரக் கூடாது. இதைச் சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள், "உங்களைத்தான் சிஸ்டர் எல்லாரும் தேடுவாங்க" என்றால் வந்துவிடுவார்.

அடுத்ததுதான் முக்கியம். போன வருஷ வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரும் கேட்டுக்கு அருகில் நிற்க வேண்டும். புது வகுப்பு ஆசிரியருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியாது. பழையவருக்கு முகம், பெயர், தங்கச்சி பெயர், போன வருஷம் எந்தப் பல் விழுந்தது என்பது வரை தெரியும். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் புது மிஸ்ஸிடம் விட வேண்டும். கூடவே அம்மாவும் போகட்டும். வகுப்பில் பிள்ளை உட்காரப் போகிற இடத்தை அம்மா ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும், பத்து நிமிஷத்தில் தானே கிளம்பிவிடுவார். ஒரு தடவை நான் கேட்டில் நின்று "வாங்கம்மா, வாங்கண்ணே" என்று பெரிய மனுஷி மாதிரி வரவேற்றுக்கொண்டிருந்தேன். நாலாவது படிக்கிற ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா மிஸ், இப்டி எளச்சிட்ட?" என்றாள். அவளுடைய அம்மா அவள் வாயைப் பொத்தினார். எனக்கென்னவோ அன்றைக்கு வரவேற்கப்பட்டது நான்தான் என்று தோன்றியது.

வரவேற்புத் தட்டில் கல்கண்டு போதும், இருந்தால் ரோஜா இதழ். சந்தனமும் குங்குமமும் வைக்காதீர்கள். பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்து வீடுகள்தானே என்று ஒரு வருஷம் வைத்தோம். கணவரை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு அம்மா, தட்டைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார். இஸ்லாமிய அம்மாக்களும் சிரித்தபடியே விலகிப் போனார்கள். கல்கண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. எறும்பு வராமல் மூடி வைத்த டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் போடுங்கள்.

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் என்றால் தெலுங்கு பேசும் வீடுகள் இருக்கும். பள்ளி ஆயாவுக்கு நிச்சயம் தெலுங்கு தெரிந்திருக்கும். நல்ல புடவை கட்டிக்கொண்டு வரச் சொல்லி அவரையும் கேட்டில் நிறுத்துங்கள்.

படி 6: பிரேயர்

நிழல் இருக்கும் இடத்தில், பதினைந்து நிமிஷம். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. பிறகு ஒரு சின்னச் செபம், அப்புறம் ஹெச்.எம். பேச்சு. ஃபாதர் வந்தால் ஆசீர்வாதம் ஒரு நிமிஷம். பிரசங்கம் வேண்டாம் என்று தாளாளரிடம் சொல்கிற தைரியம் எனக்கு வர ஆறு வருஷம் ஆயிற்று.

செபத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். அரசியலமைப்பின் 28(3)-வது பிரிவுப்படி, அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. சட்டத்தை விடுங்கள், வீட்டுக்கு வந்தவர்களை நம் சாமியைக் கும்பிட்டால்தான் ஆச்சு என்று யாராவது சொல்வார்களா? படிக்க வந்த பிள்ளைகளுக்காகவும் அவர்களுக்குச் சோறு போடுகிற கைகளுக்காகவும் நாலு வரி. சிலுவை அடையாளம் போடுகிறவர்கள் போடட்டும், மற்றவர்கள் சும்மா நிற்கட்டும்.

கத்தோலிக்கக் குடும்பங்களோடு திருப்பலி வைக்க வேண்டுமானால் அதைத் தனி நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ராயபுரத்துக்காரர்களுக்கு நாள் தேடவே வேண்டாம்: ஜூன் 29 புனித இராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்) திருவிழா. ஊர்ப் பெயரே அந்த இராயப்பர் கொடுத்ததுதான்.

ஹெச்.எம். பேச்சில் ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். இதைப் பெற்றோருக்கு யாரும் விளக்குவதில்லை. "எதிர்வீட்டுப் புள்ள மலராம், எம்புள்ள மட்டும் அரும்பாம்" என்று ஜூலையில் சண்டைக்கு வருவார்கள். வாசிப்பு எந்த அளவில் இருக்கிறதோ அதற்கேற்ற பாடம், முன்னேறினால் அடுத்த நிலைக்குப் போவான், இது பாஸும் இல்லை ஃபெயிலும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 7: அழுகிற பிள்ளை

அழட்டும். "அம்மா கடைக்குப் போயிட்டு இதோ வந்துர்றேன்" என்று பொய் சொல்லிவிட்டு நழுவ மட்டும் விடாதீர்கள். மறுநாள் அந்தப் பிள்ளை கேட்டையே தாண்டாது. "மணி அடிச்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அழாத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு கலர் சாக்பீஸ் கொடுங்கள்.

படி 8: மாலையும் அந்தப் புள்ளிகளும்

விடும்போது ஒண்ணாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கையில் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். யார் கூட்டிப்போக வருவார்கள் என்று காலையிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாத மாமா ஒருவர் வந்து "நான்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றால், பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடினாலும் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். கோபித்துக்கொள்வார். கொள்ளட்டும்.

எல்லோரும் போனதும் மேசையில் சில பெயர் அட்டைகள் மீந்திருக்கும். அவற்றைப் பென்சில் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதே பெயர்களாகத்தான் இருக்கும். அன்றைக்கு மாலையே இரண்டு பேர் கிளம்புங்கள். வீடு மாறியிருந்தால் பக்கத்து வீட்டில், இட்லிக் கடையில், தண்ணீர்க் குழாயடியில் கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். தொலைவுக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்தால் போனில் பிடித்து, அங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டார்களா, டி.சி. வேண்டுமா என்று கேளுங்கள். பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்றால் அட்டையைப் பிள்ளை கையிலேயே கொடுத்து, "நாளைக்கு இதைப் பையில கட்டிக்கிட்டு வா, நான் கேட்டுல நிப்பேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாள் 7.45-க்கு மறக்காமல் நில்லுங்கள்.