வைரஸ் எச்சரிக்கையா, புரளியா? மின்னஞ்சலைச் சோதித்தறியும் முறை

"இந்தத் தலைப்பில் மின்னஞ்சல் வந்தால் திறக்க வேண்டாம், திறந்தால் கணினி அழிந்துவிடும், தெரிந்த எல்லோருக்கும் உடனே அனுப்புங்கள்" என்ற எச்சரிக்கை முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வருவது குறைவு. ரொறன்ரோவில் வசிக்கும் சித்தப்பாவோ, பழைய மாணவர் சங்கச் செயலாளரோ, பக்கத்து மேசையில் வேலை செய்பவரோ நல்லெண்ணத்துடன்தான் அதை அனுப்புகிறார்கள். அவர்கள் மீதுள்ள நம்பிக்கை கடிதத்தில் எழுதியிருப்பதன் மீதும் படிந்துவிடுகிறது. திருகோணமலையில் மின்னஞ்சலைப் புதிதாகப் பயன்படுத்துவோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதற்படி: எதையும் அனுப்பாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்

புரளிக் கடிதத்தில் தீங்கு செய்யும் நிரல் எதுவும் இருப்பதில்லை. வாசிப்பவர் அது சொல்வதைச் செய்தால்தான் தீங்கு நேர்கிறது. ஒருவர் பத்துப் பேருக்கும், அவர்கள் ஒவ்வொருவரும் வேறு பத்துப் பேருக்கும் அனுப்பினால், ஆறாவது சுற்றில் மட்டும் 10 இலட்சம் கடிதங்கள் சேர்ந்துவிடும். ஆகவே சோதித்து முடியும்வரை கடிதம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாம் படி: கடிதத்தை நிதானமாக வாசியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் பெரும்பாலான புரளிகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

கடிதம் யாரைச் சாட்சிக்கு அழைக்கிறது என்று முதலில் பாருங்கள். 1994ஆம் ஆண்டின் இறுதியில் பரவிய "குட் டைம்ஸ்" புரளி, அந்தத் தலைப்புள்ள மின்னஞ்சலை வாசித்தாலே கணினி பாழாகிவிடும் என்றும், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவே அவ்வாறு எச்சரித்துள்ளது என்றும் கூறியது. அந்த ஆணைக்குழு அப்படி எதையும் அறிவித்திருக்கவில்லை. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணினிப் பாதுகாப்புக் குழு அதே ஆண்டு டிசம்பரிலேயே இது புரளி என்று எழுதியது, ஆயினும் கடிதம் பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தும், அறிவித்தலின் திகதியோ அது வெளியான பக்கத்தின் முகவரியோ இல்லையென்றால் நம்பாதீர்கள்.

அடுத்து, என்ன செய்யச் சொல்கிறது என்று கவனியுங்கள். 2002இல் பரவிய புரளி ஒன்று, கரடிப் பொம்மைச் சின்னத்துடன் ஒரு கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழித்துவிடுங்கள் என்றது. தேடிப் பார்த்தவர்களின் கணினிகளில் அந்தக் கோப்பு இருந்தது, ஏனெனில் அது விண்டோஸுடன் மைக்ரோசொப்ட் நிறுவனமே சேர்த்து வழங்கிய சாதாரணக் கோப்பு. சொன்னபடியே கண்ணில் பட்டதால் பலர் நம்பி அழித்தார்கள். அந்த வைரஸ் 14 நாட்கள் மறைந்திருக்கும் என்றும், வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களால் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்றும் அதே கடிதம் கூறியது. இந்தக் கடைசி வாக்கியத்தையே நான் மிக முக்கியமான அடையாளமாகக் கருதுகிறேன், ஏனெனில் உண்மையான எச்சரிக்கை சோதித்துப் பார்க்கச் சொல்லும், புரளியோ சோதிக்கும் வழியை முன்கூட்டியே அடைத்துவிடும்.

மிகைச் சொற்களும் ஓர் அடையாளமே. 2006இல் வந்த "இன்விடேஷன்" புரளி, அந்தத் தலைப்புள்ள கடிதத்தைத் திறந்தால் ஒலிம்பிக் தீபம் தோன்றி வன்தட்டு முழுவதையும் எரித்துவிடும் என்றது. அதை நம்பியவர் திருமண அழைப்பையும் பாடசாலை விழா அழைப்பையும் வாசிக்காமலே அழித்துவிடக்கூடும். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ விடுதி நடத்தி, மின்னஞ்சல் மூலமாகவே முன்பதிவுகளைப் பெறுபவருக்கு இத்தகைய பயம் நேரடி வருமான இழப்பாகும்.

மூன்றாம் படி: கடிதத்துக்கு வெளியே சென்று சரிபாருங்கள்

கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தாமல், அதிலிருந்து வித்தியாசமான ஒரு வரியை நகலெடுத்து, இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு கூகுளில் தேடுங்கள். கோப்பின் பெயர் இருந்தால், அதனுடன் புரளியைக் குறிக்கும் "ஹோக்ஸ்" (hoax) என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். பழைய புரளிகள் பெயர் மாறித் திரும்ப வருவதால், பெரும்பாலும் இந்த ஒரு தேடலிலேயே விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், கடிதம் குறிப்பிடும் நிறுவனத்தின் வலைத்தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்கே அத்தகைய அறிவித்தல் உள்ளதா என்று பாருங்கள். இலங்கையில் 2006 முதல் இயங்கும் தேசியக் கணினிப் பாதுகாப்பு நிலையமான "இலங்கை செர்ட்" அமைப்பின் தளத்தையும் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மின்னஞ்சல் வழியாக உண்மையான வைரஸ்களும் வருகின்றன. 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய "ஐ லவ் யூ", காதல் கடிதம் போன்ற இணைப்புக் கோப்பைத் திறந்தவர்களின் கணினிகளைப் பாதித்தது. 1999இல் "பபிள்பாய்" என்ற ஒன்று, மைக்ரோசொப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் குறைபாடு ஒன்றைப் பயன்படுத்தி, அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளில் இணைப்புக் கோப்பு எதையும் திறக்காமலே இயங்கியது, எனினும் அந்தக் குறைபாட்டுக்கான திருத்தம் ஏற்கெனவே வெளியாகியிருந்தது. ஆகவே மென்பொருள்களை இற்றைப்படுத்தி வையுங்கள், எதிர்பாராத இணைப்புக் கோப்புகளை அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேட்காமல் திறக்காதீர்கள். எச்சரிக்கைக் கடிதத்துடனேயே "இதைத் தீர்க்கும் மென்பொருள்" என்று ஏதாவது இணைக்கப்பட்டிருந்தால், அதைக் கட்டாயம் தவிருங்கள்.

ஏற்கெனவே அழித்திருந்தால் அல்லது அனுப்பியிருந்தால்

அழித்த கோப்பு பெரும்பாலும் "ரீசைக்கிள் பின்" பகுதியில் இருக்கும். அதன்மீது வலது சொடுக்கிட்டு "ரிஸ்டோர்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். அங்கே இல்லையென்றால், விண்டோஸில் உள்ள "சிஸ்டம் பைல் செக்கர்" என்ற கருவி விடுபட்ட முறைமைக் கோப்புகளைச் சரிசெய்ய உதவும். அதை இயக்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

பிறருக்கு அனுப்பியிருந்தால், அதே ஆட்களுக்கு ஒரு திருத்தக் கடிதத்தை, முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரியாதபடி "பிசிசி" பகுதியில் இட்டு அனுப்புங்கள். உங்களுக்கு அனுப்பியவருக்குத் தனியாகப் பதில் எழுதுங்கள்: "சித்தப்பா, நீங்கள் அக்கறையோடு அனுப்பிய எச்சரிக்கை கிடைத்தது. தேடிப் பார்த்தேன், இது பழைய புரளி என்று இந்தப் பக்கத்தில் விளக்கியிருக்கிறார்கள். நீங்கள் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கும் இதைத் தெரியப்படுத்தினால் நல்லது." நீங்கள் கண்ட பக்கத்தின் முகவரியையும் கீழே சேர்த்துவிடுங்கள்.