நீட்டிக்கக்கூடிய மாடுலர் தொழிற்கூடம்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையை ஒட்டிய கப்பலூர் தொழிற்பேட்டையிலும் மேலூர்ச் சாலையிலும் எழும்பும் புதிய ஷெட்டுகளின் வரைபடங்களைப் பார்வையிடும்போது, எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே இளம் பொறியாளர்களும் செய்வதைக் காண்கிறேன். அளவு பிசகுவதும் போல்ட் துளை பொருந்தாமல் போவதும் தளத்தில் நிற்கும் ஃபோர்மேன் கண்ணிலேயே பட்டுவிடும் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீட்ட வேண்டிய பக்கத்தை அடைத்துவிடுதல்

"பின்னால் நீட்டிக்கொள்ளலாம்" என்று உரிமையாளர் சொல்வார். பொறியாளரும் சம இடைவெளியில் தூண்களை நிறுத்தி, வரைபடத்தின் ஓரத்தில் புள்ளிக்கோடு ஒன்றைப் போட்டுவிட்டு, மாடுலர் கட்டடம் (ஒரே அளவுப் பகுதிகளைச் சேர்த்து நீட்டக்கூடியது) என்று பெயர் எழுதிவிடுவார். அதன் பின் ஈபி அறை, ஜெனரேட்டர், சம்ப், செப்டிக் டேங்க் ஆகிய அனைத்தும், காலியாகக் கிடக்கிறதே என்பதற்காக, அந்தப் புள்ளிக்கோட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். திருமங்கலம் அருகே உதிரிபாகம் செய்யும் ஒரு கூடத்தில், டிரான்ஸ்ஃபார்மரையும் சம்பையும் இடம் மாற்றிய செலவு, புதிதாகச் சேர்த்த அங்கணங்களின் (இரு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதிகளின்) இரும்புச் செலவை மிஞ்சியது. உற்பத்தி நின்ற நாட்களின் இழப்பு தனி. இதைவிட எரிச்சலூட்டுவது எதுவென்றால், அதே உரிமையாளரின் அடுத்த மனைக்கு வந்த வரைபடத்திலும் சம்ப் அதே மூலையில் இருந்ததுதான்.

இடம் காலியாக இருந்தாலும் கடைசிச் சட்டகம் (தூண்களும் அவற்றின் மேல் உத்திரமும் சேர்ந்த அமைப்பு) தடையாக நிற்கும். ஓரச் சட்டகத்தின் மேல் அரை அங்கணத்தின் சுமைதான் விழும் என்பதால், சிக்கனம் கருதி, நெருக்கமான சிறு தூண்களின் மேல் மெல்லிய உத்திரத்தை வைத்து முடிப்பது வழக்கம். கட்டடத்தை நீட்டியதும் அதுவே நடுச் சட்டகமாகிவிடுகிறது. சுமை ஏறத்தாழ இரட்டிப்பாவதோடு, அந்தச் சிறு தூண்கள் வேலைத்தளத்தின் நடுவே எடுக்க முடியாதபடி நிற்கும். எனவே நீட்டப்போகும் பக்கத்தின் ஓரச் சட்டகத்தையும் அதன் அடித்தளத்தையும் நடுச் சட்டகத்தின் முழு வலிமையோடு அமைத்து, இடைத்தூண்கள் காற்றை மட்டும் தாங்கி, பின்னர் கழற்றக்கூடியவையாக இருக்கும்படி செய்ய வேண்டும். தொடக்கத்தில் கூடுவது ஒரு சட்டகத்தின் இரும்பும் கொஞ்சம் கான்கிரீட்டும்தான்.

ஓரச் சுவரைக் கழற்றியிருக்கும் வாரங்களையும் தனியாகக் கணக்கிட வேண்டும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி மதுரையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். சுவர்த் திறப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால் உள்ளழுத்தக் கெழு (காற்று உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைக் கணக்கிடும் எண்) 0.2; 20 சதவீதத்தைத் தாண்டினால் 0.7. சித்திரை, வைகாசியில் கோடை இடிமழைக்கு முன் வீசும் புழுதிக்காற்று திறந்த பக்கமாக நுழைந்தால், கூரைத் தகட்டை உள்ளிருந்தே தூக்கும்.

கரிசல் மண்

திருமங்கலம் பக்கம் கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். பழைய தளமும் புதிய தளமும் ஒன்றுபோல் அசையாது என்பதால், இரண்டும் சந்திக்குமிடத்தில் இணைப்பு இடைவெளி இல்லாவிட்டால் அங்கேயே வெடிக்கும்.

வடக்கு வெளிச்சம்

ஐரோப்பிய வரைபடங்களைப் பார்த்து ரம்பப்பல் போல வரிசையாக ஏறி இறங்கும் கூரையின் கண்ணாடிப் பக்கத்தை வடக்கு நோக்கி வைத்துவிட்டு, நேர்வெயில் வராது என்று நம்புகிறார்கள். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை உச்சிப்பொழுதுச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வெளிச்சத்தோடு வெப்பமும் கூடத்துக்குள் இறங்கும். கண்ணாடிக்கு மேல் நிழல்பட்டி வைக்காத வடக்கு வெளிச்சம் இங்கு உதவாது.

வெல்டிங்

கழற்றி மாட்ட வேண்டிய இணைப்பில் கூடவே கூடாது. போல்ட் மட்டும்.

சோலார்

கூரைமேல் வரும் சோலார் பலகைகளின் எடையை, தாங்கிகளோடு சதுர மீட்டருக்கு 15 கிலோ என்று முதல் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். கூரைத் தகட்டைத் தாங்கும் பர்லின்களைப் பிறகு வலுப்படுத்துவது வீண்செலவு.

இரு கூரைகளுக்கு நடுவே வரும் கால்வாய்

பக்கவாட்டில் இன்னொரு ஷெட்டை ஒட்டினால், இரு கூரைகளின் தண்ணீரும் நடுக்கால்வாயில் விழும். ஐப்பசி, கார்த்திகையில் சிறிது நேரத்திலேயே கொட்டித் தீர்க்கும் மழைக்கு அது நிரம்பி, நேரே இயந்திரங்களின் மேல் வழியும். மனை அனுமதித்தால் நீளவாக்கில் மட்டும் நீட்டுங்கள். வேறு வழியில்லை என்றால், கால்வாயை ஆள் நடந்து சுத்தம் செய்யும் அகலத்துக்கு அமைத்து, அதன் இரு முனைகளிலும் தண்ணீர் வெளியே வழிந்தோடத் திறப்பு விடுங்கள்.