பி.எம்.டபிள்யூ ஆர் 1150 ஜி.எஸ். பைக்: இரண்டு த்ராட்டில் பாடிகளையும் வீட்டிலேயே சமன்செய்தல்

டர்பனிலிருந்து என்-3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் வரை ஓட்டிச் செல்லும் நம்மவர்களில் சிலர், மேட்டுநிலம் ஏறியதும் பைக்கின் இழுவை குறைந்துவிட்டதென்று, இரு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடிகளின் ஸ்க்ரூக்களைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்குள்ள காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான்; அந்த இழுவைக் குறைவை எந்த ஸ்க்ரூவாலும் ஈடுகட்ட முடியாது. ஐட்லிங்கில் (த்ராட்டிலைத் திறக்காமல் நின்ற இடத்தில் ஓடும்போது) இன்ஜின் சீரில்லாமல் உதறுவது, நிதானமான வேகத்தில் கைப்பிடி கூசும்படி அதிர்வது, த்ராட்டிலை மெல்லத் திறக்கும்போது வெட்டி வெட்டி இழுப்பது ஆகியவையே இரு த்ராட்டில் பாடிகளுக்கும் இடையிலான சமன் குலைந்ததற்கான அடையாளங்கள்.

இவை தெரிந்தாலும் முதலில் தொட வேண்டியது த்ராட்டில் பாடியை அல்ல. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். இன்ஜின் முழுவதும் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி இன்டேக்கில் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 0.30 மி.மீ. என இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். த்ராட்டில் பாடியைச் சிலிண்டர் ஹெட்டோடு இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் அந்தப் பக்கம் வேக்குவம் (சிலிண்டர் காற்றை உறிஞ்சும் இழுப்பு) குறைந்து காட்டும். அது தெரியாமல் ஸ்க்ரூவைத் திருகி இரு பக்கத்தையும் சமமாக்கிவிட்டால், கசிவு அப்படியே இருக்க, அளவு மட்டும் சரியாகத் தெரியும். ஐட்லிங்கில் அந்த ரப்பர் மீது தண்ணீரை லேசாகத் தெளித்துப் பாருங்கள். இன்ஜின் ஓசை மாறினால் ரப்பரை மாற்றிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

இரு பக்க வேக்குவத்தையும் ஒப்பிடும் அளவுக் கருவியை நாமே செய்துகொள்ளலாம். சுமார் ஆறு மீட்டர் நீளமுள்ள, உட்புறம் தெரியும் பிளாஸ்டிக் குழாயின் நடுப்பகுதியை ஒரு மீட்டருக்குக் குறையாத பலகையில் ‘ப’வைப் போல வளைத்துக் கட்டி, இரு கைகளிலும் பாதி உயரம் நிற்குமளவுக்குச் சிவப்பு நிற கியர்பாக்ஸ் ஆயிலையோ டூ-ஸ்ட்ரோக் ஆயிலையோ ஊற்றுங்கள். பாதரசம் நச்சு; அது வேண்டாம். குழாயின் இரு முனைகளிலும் மீன்தொட்டிக்குப் பயன்படும் சிறு வால்வு ஒவ்வொன்றைப் பொருத்தி ஏறக்குறைய மூடியே வைத்தால் ஆயில் துள்ளாமல் நிற்கும். இந்த ஆயில் பாதரசத்தைவிட ஏறத்தாழ பதினைந்து மடங்கு லேசானது என்பதால், பாதரச அளவில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு இங்கே ஒன்றரை சென்டிமீட்டராகத் தெரியும். இது இரு சிலிண்டர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே காட்டுவதால், டர்பனில் பார்த்தாலும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் பார்த்தாலும் படிக்கும் முறை ஒன்றுதான்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தைப் போன்ற சரிவான இடங்களில் வீட்டு வாசலே சாய்ந்திருக்கும்; சமதரை தேடி பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பலகையை நேராகத் தொங்கவிடுங்கள். மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது உயிரை எடுக்கும். சாலையில் ஓட்டி நன்றாகச் சூடாக்கிய பின் வேலையைத் தொடங்குங்கள். காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின் இது. நின்ற இடத்தில் ஓடும்போது முன்னால் பெரிய மின்விசிறி ஒன்று அவசியம்.

இரு த்ராட்டில் பாடிகளின் வேக்குவம் முனைகளிலிருந்தும் ரப்பர் மூடிகளைக் கழற்றிக் குழாய்களை மாட்டி, சோக் லீவர் ஆஃப் நிலையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு இன்ஜினை இயக்குங்கள். ஆயில் ஒரு பக்கமாக வேகமாக ஏறினால் உடனே இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்சை அழுத்துங்கள். வேக்குவம் அதிகமுள்ள பக்கத்தில் ஆயில் உயரும். அதாவது அந்தப் பக்கத்துக்குக் காற்று போதவில்லை. ஐட்லிங்கில் அந்தப் பக்கத்துப் பெரிய பித்தளை ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக வெளியே திருப்பி, ஆயில் நிலைகொள்ளும்வரை பொறுத்திருந்து பாருங்கள். இரு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும்போது ஐட்லிங் நிமிடத்துக்கு 1,100 சுற்றுகளை ஒட்டி இருக்க வேண்டும். பெயின்ட் பூசி முத்திரையிட்ட த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூக்களை மட்டும் தொடாதீர்கள்; அவை தொழிற்சாலையில் காற்றோட்டம் அளந்து வைக்கப்பட்டவை, வீட்டில் அந்த நிலையை மீட்க வழியில்லை.

அடுத்தது கேபிள், சாலையில் உணரும் அதிர்வு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. த்ராட்டிலை மெல்லத் திறந்து 2,000 முதல் 2,500 சுற்றுகளுக்குள் நிறுத்துங்கள். ஆயில் உயரும் பக்கம் குறைவாகத் திறக்கிறது. பூட்டு நட்டைத் தளர்த்தி அந்தக் கேபிளின் தொய்வைச் சிறிது குறைத்தால் மட்டம் திரும்பும். ஆனாலும் த்ராட்டிலை விட்டதும் இரு பக்கமும் ஸ்டாப் ஸ்க்ரூவில் முழுதாகப் போய் உட்கார வேண்டும். சிறிதளவு தொய்வுகூட மிஞ்சாவிட்டால் ஐட்லிங்கில் செய்த வேலை வீணாகும். நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் சேர்ந்து திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பின் மீண்டும் அளந்து, ஹேண்டில்பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பி ஐட்லிங் மாறவில்லை என்பதையும் பாருங்கள்.

குழாய்களை எடுத்ததும் வேக்குவம் முனைகளின் மூடிகளைத் திரும்ப மாட்டுங்கள். வெயிலில் காய்ந்து வெடித்த மூடி வழியே காற்று புகுந்தால் சமன் மறுபடியும் குலையும். அத்தகைய மூடி இருந்தால் அப்போதே புதியதைப் போட்டுவிடுங்கள்.