மனு நகராத இடத்தில் பாதுகாப்பு நடை: வார்டு அளவில் செய்வது எப்படி?

எங்கள் வார்டில் செயின் பறிப்பு, ட்யூஷன் விட்டு வரும் பிள்ளைகளைப் பின்தொடர்வது, டாஸ்மாக் மூடுகிற நேரத்துச் சண்டை எல்லாம் அடுத்தடுத்து நடந்தபோது தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். ‘பொதுமக்களுக்குப் பாதுகாப்பு இல்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்ற மனு அது. எந்த இடம், எத்தனை மணிக்கு, யார் செய்ய வேண்டிய வேலை என்ற மூன்றும் அதில் இல்லை. நகராட்சி அதைக் காவல் நிலையத்துக்கு அனுப்பியது. ரோந்து நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று அங்கிருந்து பதில் வந்தது. அதோடு சரி.

அந்த மூன்றையும் தெருவில் இறங்கி நாமே கண்டுபிடிக்கிற முறைதான் பாதுகாப்பு நடை. 1989இல் கனடாவின் டொரொன்டோவில் மெட்ராக் என்ற பெண்கள் அமைப்பு தொடங்கிவைத்தது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. எங்கள் வார்டில் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. யாரைக் கூப்பிடுவது

கவுன்சிலரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்துகொண்டால் தனக்கு எதிராக ஏதோ நடக்கிறது என்று நினைப்பார். மகளிர் சுயஉதவிக் குழு, ட்யூஷன் போகிற பெண் பிள்ளைகள், கடைசி பஸ்ஸில் இறங்குகிற கம்பெனிப் பெண்கள், விடியும் முன்பே வேலைக்கு வரும் தூய்மைப் பணியாளர்கள் எல்லோரும் வேண்டும். தெருவின் இருட்டு நேரம் அவர்களுக்குத் தெரிவதுபோல் நமக்குத் தெரியாது. ஒரு குழுவுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம், கூட்டமாகப் போனால் பயமான இடம்கூடப் பயமாகத் தெரியாது.

நடைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேச்சுவாக்கில் ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொல்லிவிட்டால் அதைக் குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098இல் யார் பேசுவது, குழந்தையோடு யார் இருப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

2. நடை

சம்பவம் நடக்கிற நேரத்துக்கே போங்கள். பகலில் போவது வீண். எங்கள் தெருவில் ட்யூஷன் விடுவது எட்டரை மணி, அந்த நேரத்துக்குத்தான் கிளம்பினோம். பூவரச மரத்துக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நகராட்சிக் கணக்கில் அது எரிகிற விளக்கு. கீழே நின்றால் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மதகுக் கட்டையில் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தவிர்க்கப் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் மாறுவார்கள், அங்கே சாக்கடைக்கு மூடி கிடையாது. இதை எங்களுக்குக் காட்டியது ஒன்பதாம் வகுப்புப் பெண். பெரியவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

கருவிகளில் என் விருப்பம் ஏ3 தாளில் அச்செடுத்த வரைபடம், பேனா, டார்ச். ஆப் எல்லாம் அப்புறம். போனைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் தெருவைப் பார்ப்பதில்லை. வெளிச்சம் அளக்கும் ஆப் போனுக்குப் போன் வேறு வேறு எண் காட்டும், அதை நம்பி வாதாட வேண்டாம். படம் எடுக்கும்போது நைட் மோடை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கும்மிருட்டும் பளிச்சென்று விழும். மின்கம்பத்தில் பெயின்டில் எழுதிய எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் இடங்களை மட்டும் குறியுங்கள், ஆட்களை வேண்டாம். ‘அந்தத் தெருப் பசங்கதான்’ என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். நம் ஊரில் அந்தப் பேச்சு சாதியில் போய்த்தான் நிற்கும். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு குடியிருப்பையே குற்றவாளியாக்குவதற்கு நம் கையெழுத்து போகக்கூடாது. மதகில் உட்காரும் பையன்களை இன்னொரு நாள் தனியாக நடக்கக் கூப்பிட்டோம். மைதானத்துக்கு விளக்கு இல்லை, அதனால்தான் இங்கே உட்காருகிறோம் என்றார்கள். அதுவும் பட்டியலில் ஏறியது.

‘எஃப்.ஐ.ஆரே இல்லையே’ என்று யாராவது கேட்டால் பிரிட்டனின் கார்டிஃப் நகரத்தைச் சொல்லுங்கள். வன்முறையில் அடிபட்டுச் சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று அங்கே ஜோனதன் ஷெப்பர்ட் என்ற அறுவை மருத்துவர் கண்டறிந்தார். பெயரை நீக்கிவிட்டு இடம், நேரம், ஆயுதம் பற்றிய தகவலை மட்டும் மருத்துவமனை உள்ளாட்சிக்கும் போலீசுக்கும் கொடுத்தது. அந்த இடங்களில் கவனம் வைத்த பின் காயத்தோடு வருபவர்கள் குறைந்தார்கள்.

3. யாருடைய வேலை என்று பிரிப்பது

பெரும்பாலும் எல்லாம் நின்றுபோகிற இடம் இதுதான். எங்களுக்கும் அதிக நேரம் பிடித்தது இங்கேதான்.

அந்தப் பூவரசையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு நகராட்சியுடையது. கம்பியை ஒட்டிய கிளையை மின்வாரிய ஆட்கள்தான் வெட்ட வேண்டும். அவர்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தினால்தான் நகராட்சி ஆள் விளக்கைத் தாழ்த்திக் கட்ட முடியும். ‘விளக்கு சரியில்லை’ என்று ஒரே வரியில் எழுதினால் இரண்டு பேரும் அடுத்தவர் வேலை என்பார்கள். இரண்டு கடிதம் எழுதி, ஒன்றின் நகலை மற்றதோடு இணைத்து, இருவரும் ஒரே நாளில் வரக் கேளுங்கள். நாங்கள் அப்படிச் செய்த பிறகுதான் ஏணி வந்தது.

இதே மாதிரி ஒவ்வொன்றையும் பிரியுங்கள். சாக்கடை மூடி நகராட்சிப் பொறியாளர். பஸ் நிறுத்தத்தில் நிற்காத பஸ் போக்குவரத்துக் கழகம். கருவேலம் மண்டிய காலி மனைக்கு உரிமையாளர்தான் பொறுப்பு, அவருக்கு நோட்டீஸ் அனுப்பும்படி நகராட்சியைக் கேட்க வேண்டும். ரோந்து காவல் நிலையம், ரோந்து வரும் போலீசார் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் எந்த முனையில் தொங்க வேண்டும் என்று இடம் குறிப்பிட்டே கேளுங்கள்.

டாஸ்மாக் தனிக் கதை. பிரேசிலில் டியாதெமா நகராட்சி, கொலைகள் எந்த நேரத்தில் நடக்கின்றன என்று பார்த்து, மதுக்கடைகளை இரவு 11 மணிக்கே மூட 2002இல் சட்டம் போட்டது, கொலைகள் குறைந்தன. நம் நகராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. கடை பள்ளிக்கோ கோயிலுக்கோ நகராட்சிப் பகுதியில் 50 மீட்டருக்குள் இருந்தால் விதிமீறல், ஆட்சியரிடம் போகலாம். இல்லையென்றால் கடை மூடும் 10 மணியை ஒட்டி அங்கே போலீஸ் நிற்கக் கேளுங்கள்.

சிசிடிவி எல்லோரும் முதலில் கேட்பது. நான் கடைசியில் வைப்பேன். நடந்த பிறகு பார்க்க உதவும், அதுவும் பராமரிக்க ஆள் இருந்தால்.

4. பகுதி சபை

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் பகுதி சபைகள், அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டங்கள், நடக்க ஆரம்பித்தன. நடையின் முடிவை அங்கே வையுங்கள். தீர்மானத்தில் கம்ப எண், துறை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் எழுதப்படுகிற வரை எழுந்து வராதீர்கள். ‘விளக்குகள் சீரமைக்கப்படும்’ என்று எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். நகல் வாங்குங்கள். தராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு, 30 நாளில் பதில் தர வேண்டும்.

5. மறுபடி நடப்பது

தீர்மானத்தில் போட்ட தேதி முடிந்ததும் அதே குழு, அதே நேரம், அதே வழி. முடிந்ததற்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு. அந்தத் தாளோடு அடுத்த சபைக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: கிராமத்தில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே வழி இன்னும் சுலபம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கிராம சபைகள் உண்டு. டாஸ்மாக் தூரம் மட்டும் அங்கே 100 மீட்டர். நகரத்தில் கவுன்சிலர் பகுதி சபையே கூட்டுவதில்லை என்று எழுதியவருக்கு: நகராட்சி ஆணையருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், கூட்டம் எப்போது என்ற ஒரே கேள்வியோடு. வரைபடத்தையும் அதோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள், கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.