பழைய ஜிப்ஸிக்குக் கீழிருந்து வைத்தியம்

எங்கள் மாருதி ஜிப்ஸி 2003 மாடல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிக்கும் என்ஜின்). கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் பச்சை இலை மூட்டை ஏற்றி இறக்குகிற வண்டி. பழைய ஜிப்ஸி வாங்குகிறவர்கள் பலர் முதல் செலவே பெரிய டயருக்கும், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டுக்கும் செய்கிறார்கள். வேண்டாம். முன் நக்கிள் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு), கமான் பட்டை (வண்டியைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்), சேசிஸ் மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். அவை தளர்ந்திருக்கும்போது பெரிய டயர் போட்டால் தளர்ச்சிதான் கூடும்.

குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறுகிறதா? நேராக அலைன்மென்ட் கடைக்குப் போகாமல் கிங் பின் (நக்கிள் திரும்புகிற அச்சு முளை) பேரிங்கைப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். இடவலமாக மட்டும் ஆடினால், இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு முனைகளைப் பாருங்கள்.

கிங் பின் பேரிங் மாற்றும்போது அது உட்காரும் வெளி வளையமான கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மேலே எத்தனை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), கீழே எத்தனை ஷிம் என்று கழற்றும்போதே எழுதி வையுங்கள். ஷிம்மை எடுத்தால் இறுக்கம் கூடும், சேர்த்தால் குறையும். நக்கிள் சீல் போடும் முன், டை ராடு கழன்றிருக்கும் நிலையில், ஸ்பிரிங் தராசை நக்கிள் கையில் மாட்டி இழுங்கள். 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் நக்கிள் நகரத் தொடங்க வேண்டும். "கைக்கணக்கு போதும் சார்" என்கிற மெக்கானிக்கிடம் தராசை நீங்களே நீட்டுங்கள்.

நக்கிள் உருண்டையைச் சுற்றிக் கெட்டியான கிரீஸ் லேசாகப் படிந்திருந்தால் பயமில்லை. தண்ணீர் மாதிரி கறுப்பு எண்ணெய் வழிந்தால் உள்ளே ஆக்ஸில் சீல் போய்விட்டது, டிஃபரன்ஷியல் (ஆக்ஸில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயில் நக்கிளுக்குள் இறங்கிக் கிரீஸைக் கரைக்கிறது என்று அர்த்தம். வெளி சீலை மட்டும் மாற்றினால் மறுபடியும் ஒழுகும்.

அப்புறம் கமான் பட்டை. பட்டையின் முனையைத் தாங்கும் ஷாக்கிளிலுள்ள ரப்பர் புஷ் மாற்றும் வேலையில் கடைகளில் கூட தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு: வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிகிறது. சக்கரம் தரையில் நின்று, பாரம் பட்டையில் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கம். பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டையும் சில நாள் ஓட்டிய பின் ஒருமுறை இறுக்குங்கள்.

ஓடையில் இறங்கி ஏறுபவர்கள் ஆக்ஸில் பிரீதரை (ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் துளை) கட்டாயம் சுத்தம் செய்யுங்கள். ஓடிச் சூடான ஆக்ஸில் சட்டென்று தண்ணீரில் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரு ரப்பர் ஹோஸைப் பொருத்தி முனையை பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் நிம்மதி. டிஃபரன்ஷியல் ஆயில் டீயில் பால் கலந்த நிறத்தில் வந்தால் அன்றே மாற்றுங்கள்.

என்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது உழைக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று முந்தைய உரிமையாளருக்கே தெரியாவிட்டால் முதல் வேலையாகப் புதிது போடுங்கள்.

துருதான் இந்த வண்டியின் உண்மையான எதிரி. மழைக்காலம் முடிந்ததும் தரைவிரிப்பைத் தூக்கி, வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். சேசிஸ் நெடுக சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மந்தமாகும் இடத்தில் தகடு மெலிந்திருக்கும், அல்லது உள்ளே சேறு அடைந்திருக்கும். துருவின் மேலேயே அண்டர்கோட்டிங் அடிப்பதை விடக் கெடுதல் வேறில்லை, ஈரம் உள்ளேயே தங்கிப்போகும். சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகே மேல்பூச்சு.

சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தை மட்டும் ஒயர் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்சியை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆய்வுக்குப் போகும்போது அந்த நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மேலே மெல்லிசாகக் கிரீஸ் தடவி வைத்தால் போதும்.