டிரேடிங் பாட் ஊசிப்போன விலையை நம்பி ஆர்டர் போடாம இருக்க என்ன பண்ணணும்

கனெக்‌ஷன் பச்சையா இருந்துச்சு, லாக் ஓடிட்டே இருந்துச்சு, பாட்டும் (நமக்கு பதிலா தானா வாங்கி விக்கற புரோகிராம்) ஜோரா சிக்னல் குடுத்துச்சு. விலை மட்டும் பதினோரு நிமிஷமா ஒரே இடத்துல நின்னுட்டு இருந்ததை நான் கவனிக்கவே இல்ல. அந்த விலையை வச்சு பாட் "வாங்கு"ன்னு முடிவு பண்ணி மார்க்கெட் ஆர்டர் (அப்ப கிடைக்கற விலைக்கே வாங்கற ஆர்டர்) அடிச்சிடுச்சு, ஃபில் ஆனது (வாங்கி முடிஞ்ச விலை) எங்கேயோ மேல. போன காசு கொஞ்சம்தான், தூக்கம்தான் ரெண்டு நாள் போச்சு. அதுக்கப்புறம் உக்காந்து சரி பண்ணதை எழுதுறேன். பைத்தான்ல ஃபீட் (தொடர்ந்து வர்ற விலைத் தகவல்) எடுத்து ஏதோ ஒரு சிக்னல் வர்ற வரைக்கும் வந்துட்டீங்கன்னு வச்சுக்கறேன், அதை மறுபடி சொல்லப்போறதில்ல.

ஸ்டெப் 1: ஒவ்வொரு டிக்குக்கும் ரெண்டு நேரம்

டிக்னா வந்து சேர்ற ஒவ்வொரு விலை அப்டேட். அதுக்கு எக்ஸ்சேஞ்ச் சொல்ற நேரம் ஒண்ணு, நம்ம கைக்கு வந்த நேரம் ஒண்ணு. ரெண்டும் யுடிசில. எக்ஸ்சேஞ்ச் நேரம் 10 இலக்கம்னா செகண்ட், 13னா மில்லிசெகண்ட், 16னா மைக்ரோ, 19னா நானோ. மில்லிசெகண்டை செகண்டுன்னு எடுத்துட்டா டிக்கோட வயசு (இப்ப இருக்கற நேரத்துலருந்து டிக்கோட நேரத்தை கழிச்சா வர்றது) பெரிய மைனஸ்ல வரும், மைனஸ்னா லிமிட்டுக்கு கீழதானேன்னு செக் ஜம்முனு பாஸ் ஆயிடும். அதனால ரொம்ப மைனஸ் போனாலும் தூக்கிப் போடுங்க (கடிகார வித்தியாசத்துக்கு கொஞ்சம் விட்டுக்குடுக்கலாம்). சர்வர் கடிகாரத்துக்கு குரோனி (கடிகாரத்தை சரியா வச்சிருக்கற சாஃப்ட்வேர்) போடுங்க, எனக்கு அதான் புடிக்கும். "கடைசியா டேட்டா வந்து எவ்ளோ நேரம் ஆச்சு"ன்னு எண்ணறதுக்கு மட்டும் டைம் மாட்யூல்ல இருக்கற மோனோடோனிக் எடுத்துக்கங்க, சாதா கடிகாரம் திருத்தம் வந்தா பின்னாடி கூட போகும்.

ஸ்டெப் 2: எந்த நேரத்தை நம்பறது? (இங்கதான் நான் விழுந்தேன்)

வயசு செக் என்கிட்ட அன்னைக்கே இருந்துச்சு. அதான் கடுப்பு. வயசு எப்பவும் ஒரு செகண்டுக்குள்ளதான் காட்டுச்சு. கடைசில பாக்கெட்ல இருக்கற எல்லா நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல பிரிண்ட் பண்ணிப் பாத்தேன்:

அனுப்பின நேரம் 09:41:07, கடைசி டிரேட் 09:30:02
அனுப்பின நேரம் 09:41:08, கடைசி டிரேட் 09:30:02
அனுப்பின நேரம் 09:41:09, கடைசி டிரேட் 09:30:02

நடுவுல இருக்கற ஃபீட் சர்வருக்கு மேலருந்து புதுசா எதுவும் வரல, ஆனா அது கைல இருக்கற கடைசி விலையையே செகண்டுக்கு ஒரு தடவை புது நேரம் குத்தி அனுப்பிட்டே இருந்திருக்கு. நான் பாத்தது அந்த அனுப்பின நேரத்தை.

சரின்னு கடைசி டிரேட் நேரத்துக்கு மாத்தினேன், அடுத்த கூத்து ஆரம்பிச்சுது. வியாபாரம் கம்மியா நடக்கற ஒரு இன்ஸ்ட்ருமெண்ட்ல (நாம வாங்கி விக்கற பொருள்) பத்து நிமிஷம் டிரேடே நடக்காம இருக்கறது சகஜம், பாட் அதை செத்த ஃபீட்னு நெனச்சு நாள் முழுக்க வாயே தொறக்கல. இப்ப நான் பண்றது: டிரேட் நேரத்தோட பிட்-ஆஸ்க் (வாங்கறவங்க, விக்கறவங்க கேக்கற விலை) கடைசியா எப்ப மாறுச்சுன்னும் பாக்கறேன், அதே ஃபீட்ல எப்பவும் பரபரன்னு இருக்கற ஒரு இன்ஸ்ட்ருமெண்டை காவல்காரனா வச்சிருக்கேன். காவல்காரனும் நின்னுட்டா ஃபீட் போச்சு. அது ஓடி இது மட்டும் நின்னா ஒண்ணு மார்க்கெட்டே அமைதியா இருக்கு, இல்ல இந்த ஒரு சப்ஸ்கிரிப்ஷன் மட்டும் கழண்டிருக்கு, ரெஸ்ட் ஏபிஐல (நாம கேட்டா மட்டும் பதில் தர்ற வழி) ஒரு தடவை விலை கேட்டு ஒப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்.

பிங்-பாங் (லைன் இருக்கான்னு ரெண்டு பக்கமும் கேட்டுக்கற சின்ன மெசேஜ்) வருதே, போதாதான்னு கேப்பீங்க. போதாது, லைன் தொறந்திருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும். டிசிபி கீப்அலைவ் (லைன் இருக்கான்னு ஆபரேட்டிங் சிஸ்டமே பாக்கறது) இன்னும் மோசம், ஆன் பண்ணியிருந்தாலும் லினக்ஸ் டிஃபால்ட் 7200 செகண்ட், ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் எட்டியே பாக்கும்.

ஸ்டெப் 3: செக் எங்க வைக்கறது

டிக் உள்ள வர்ற இடத்துல மட்டும் வச்சா பத்தாது. கணக்கு போடற பகுதி மெதுவா இருந்தா க்யூ நீண்டுட்டே போகும், உள்ள வரும்போது சுடச்சுட இருந்த டிக் வெளிய வரும்போது நாப்பது செகண்ட் பழசாயிருக்கும். ஆர்டர் அனுப்பற வரிக்கு நேர் மேல இன்னொரு தடவை வயசு பாருங்க. கடைசி விலை மட்டும் போதும்னா டெக்ல (பைத்தானோட க்யூ) மேக்ஸ்லென் 1 (ஒண்ணு மட்டும் வச்சுக்கோங்கறது) குடுத்துடுங்க, பழசு தானா விழுந்துடும். இதுக்குப்போய் காஃப்கா (பெரிய மெசேஜ் க்யூ சிஸ்டம்) எல்லாம் எதுக்கு, தனி ஆளுக்கு அது தலைவலி.

ஸ்டெப் 4: எத்தனை செகண்ட் லிமிட்?

எல்லாத்துக்கும் ஒரே நம்பர் வைக்காதீங்க. ஒரு வாரம் சும்மா லாக் எடுத்து, டிக்குக்கு டிக் சாதாரணமா எவ்ளோ இடைவெளி வருதுன்னு பாத்துட்டு அதுக்கு மேல வைங்க. கேண்டில்ல (ஒரு கால அளவோட விலையை சுருக்கிக் காட்டறது) ஓடறவங்க ஒண்ணு கவனிங்க, நிறைய இடத்துல 10:00ன்னு போட்டிருக்கற 5 நிமிஷ கேண்டில் 10:05க்குதான் முடியும், அது ஆரம்ப நேரம். முடிஞ்ச நேரத்துலருந்து வயசை எண்ணுங்க.

ஸ்டெப் 5: பழசுன்னு தெரிஞ்சா?

சிக்னலுக்கு வாங்கு, வில்லு, சும்மா இரு தவிர நாலாவதா "தெரியாது"ன்னு ஒரு பதில் வேணும். விலைக்கு பதிலா ஜீரோ அனுப்பாதீங்க, பாண்டாஸ்ல (பைத்தானோட டேட்டா லைப்ரரி) எஃப்ஃபில் (முந்தின மதிப்பையே நிரப்பறது) போட்டு ஓட்டையை அடைக்காதீங்க (போட்டே ஆகணும்னா லிமிட் குடுங்க). "தெரியாது" வந்ததும் புது என்ட்ரி கிடையாது, காத்துட்டு இருக்கற லிமிட் ஆர்டரை (குறிச்ச விலை வந்தா நடக்கற ஆர்டர்) கேன்சல் பண்ணிடணும். கைல பொசிஷன் (ஏற்கனவே வாங்கி வச்சது) இருந்தா பயந்து வித்துடாதீங்க, விலையே தெரியாம என்னத்தை விக்கறது? அதுக்குத்தான் ஸ்டாப் ஆர்டர் (விலை ஒரு அளவுக்கு கீழ போனா தானா விக்கற ஆர்டர்) பாட்டுக்குள்ள இல்லாம எக்ஸ்சேஞ்ச்லயே போட்டு வைக்கணும்ங்கறேன். 2013 ஆகஸ்ட் 22ல விலை விவரம் அனுப்பற சிஸ்டம் படுத்தப்போ நாஸ்டாக்கே சுமார் மூணு மணி நேரம் வியாபாரத்தை நிறுத்திடுச்சு, நம்ம பாட் நிக்கறதுல என்ன கௌரவக் குறைச்சல்.

ஸ்டெப் 6: ஃபீட் திரும்ப வந்ததும்

உடனே சிக்னலை தொறந்து விடாதீங்க. நடுவுல விட்டுப்போன கேண்டிலை ரெஸ்ட்ல எடுத்து நிரப்பி இண்டிகேட்டரை மறுபடி கணக்கு போட்டுட்டு அப்புறம் தொறங்க. இல்லன்னா மூவிங் ஆவரேஜ் ஓட்டையோட ஓடும், பாத்தா ஒண்ணும் தெரியாது.

அப்டேட்: லைவ்ல எல்லாம் சரி, பேக்டெஸ்ட்ல (பழைய டேட்டால ஓட்டிப் பாக்கறது) மட்டும் ரொம்ப அழகா லாபம் வருதுன்னு கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு. ரெண்டு டேட்டாவை மெர்ஜ்-ஆஸ்ஆஃப்ல (நேரம் கிட்டத்தட்ட ஒத்துப்போற வரியை சேக்கற பாண்டாஸ் ஃபங்ஷன்) சேக்கறாராம். அதுல டாலரன்ஸ் (எவ்ளோ இடைவெளி வரைக்கும் சேக்கலாம்ங்கற அளவு) குடுக்கலன்னா எவ்ளோ பழைய வரியா இருந்தாலும் கூச்சமே இல்லாம சேத்துடும். லைவ்ல வச்ச அதே லிமிட்டை அங்கயும் குடுத்ததும் லாபம் பாதி காணோம்னு திரும்ப வந்து எழுதினாரு.

இன்னொரு அப்டேட்: எப்படி டெஸ்ட் பண்றதுன்னு நிறைய பேர் கேட்டீங்க. ஃபீட் அனுப்பற ப்ராசஸை கில் பண்ணி பாக்காதீங்க, கனெக்‌ஷன் ஒழுங்கா மூடிக்கும், பாட்டுக்கும் உடனே தெரிஞ்சிடும். ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸ் ஃபயர்வால்) அந்த ஃபீட்லருந்து வர்ற பாக்கெட்டை டிராப் பண்ணுங்க, ரிஜெக்ட் வேண்டாம். லைன் தொறந்தபடி இருக்கும், உள்ள எதுவும் வராது. அப்ப வாட்சை கைல வச்சுட்டு "தெரியாது" எத்தனையாவது செகண்ட்ல வருதுன்னு பாருங்க. எனக்கு மொத தடவை வரவே இல்ல, செக்கை டிக் வந்தா மட்டும் ஓடற ஃபங்ஷனுக்குள்ள வச்சிருந்தேன், டிக்கே வரலன்னா அதை யாரு கூப்பிடுவா. தனி டைமர்ல போட்டப்புறம்தான் வந்துச்சு.